எதை வேணும்னாலும் சொல்லு

ஜூன் 9

எனக்குக் குரல் கொடுத்த அம்மாவுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் என் வாய் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மலைப் பெண்கள் படும் பாட்டைச் சொல்கிறதாமே ஒரு படம், அதில் குடத்தோடு மேடேறுகிறவளும் அதிகாரி முன்னால் நின்று அழுகிறவளும் நான்தான். படப்பிடிப்பில் எனக்கு ‘ஒன்டேக்’ என்று பேர் வைத்தார்கள். எதையும் ஒரே தடவையில் செய்துவிடுவேனாம். கல் குவாரியில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரே காரியத்தை இரண்டு தடவை செய்ய நேரம் ஏது?

போன வாரம் எங்கள் குடியிருப்புப் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். டைரக்டர் வந்திருந்தார். அவர் பக்கத்து நாற்காலியில் மேஸ்திரி. எங்கள் மலையிலிருந்து பெண்களை வெளியூர் வேலைக்கு அழைத்துப் போகிறவன் அவன். படத்துக்கு எங்களைச் சேர்த்துக் கொடுத்தவனும் அவன்தான். நாங்கள் தரையில் உட்கார்ந்து எங்கள் கஷ்டத்தைப் பார்த்தோம்.

எங்கள் கஷ்டம் அவர்களுக்குப் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச் சேலைகளை வாங்கிவந்து, பாறையில் தேய்த்துக் கிழித்து, எங்களைக் கட்டச் சொன்னார்கள். எங்கள் சொந்தச் சேலை அதைவிட நன்றாக இருந்ததாம். விடுதியில் தங்கி எட்டு வரை படித்தவள் நான். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். ‘இயல்பா இருங்க’ என்று சொல்லிக்கொண்டே முகத்தில் கரியைப் பூசினார்கள். அதெல்லாம் போகட்டும், படம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

அழுகிற கட்டம் வந்தது. திரை முழுக்க என் முகம். நான் வாயைத் திறந்தேன், உள்ளேயிருந்து நீங்கள் வந்தீர்கள். ‘ஐயா, எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. எங்க பிள்ளைங்க நல்லா இருந்தா போதும். நீங்கதான் எங்க சாமி’ என்று நான் சொல்கிறேன். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, “கல்லு உடைக்கிற தொண்டையில தேனை ஊத்துனது யாருடி?” என்று கேட்டாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். 

நான் அன்றைக்குச் சொன்னது அது இல்லை. அவனுக்கும் தெரியும், எங்கள் பெண்களுக்கும் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். படம் முடிந்து இங்கிலீஷ் எழுத்து ஓடியபோது உங்கள் பேரைப் படித்துச் சொன்னதும், டப்பிங் சங்கத்து விலாசத்தைத் தேடிக் கொடுத்ததும் எங்கள் குடியிருப்புக்கு வந்துபோகிற நர்ஸம்மா. யாரைக் கேட்டு என் வாயில் அந்த வார்த்தைகளை வைத்தீர்கள்? எனக்குப் பதில் வேண்டும்.

ஒன்டேக்


ஜூன் 24

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைச் சங்கத்து மேனேஜர் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார். ரசிகர் கடிதம் என்று நினைத்தார். நானும்தான் நினைத்தேன். இத்தனை வருஷத்தில் என் பேருக்கு ஒரு ரசிகர் கடிதமும் வந்ததில்லை, கதாநாயகிகளுக்குத்தான் போகும். ஆசையாகப் பிரித்தேன். நல்ல பாடம்.

கோபப்படுவதற்கு முன் என் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கப் பஞ்சு. சத்தம் விழும் என்று மின்விசிறி போட மாட்டார்கள். காதில் ஹெட்போன், முன்னால் திரை, கையில் வசனத் தாள். தாளில் இருப்பதைத் திரையில் அசையும் உதட்டோடு ஒட்டவைத்துப் பேச வேண்டும். தாளை எழுதுவது நான் இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கிற வழக்கமும் எங்கள் தொழிலில் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

உங்கள் உதடு தாளோடு ஒட்டவில்லை என்பதைக் கவனித்தேன், உண்மைதான். அதில் நான் எதையும் சந்தேகப்படவில்லை. மொழி தெரியாத நடிகைகள், வசனம் மறந்துவிடும் புதுமுகங்கள் எல்லோரும் காமிராவுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்பார்கள். முகபாவம் வந்தால் போதும், வார்த்தையை நாங்கள் நிரப்பிக்கொள்வோம். எத்தனையோ பெரிய நடிகைகள் எண்ணியதை நான் காதலாகவும் சாபமாகவும் மாற்றியிருக்கிறேன். நீங்களும் எண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன். அழுதுகொண்டே இவ்வளவு கோபமாக எண்ணுகிறாளே, நல்ல நடிகை என்றுகூட நினைத்தேன்.

உங்களுக்கு முகம் இருக்கிறது, எனக்குக் குரல் மட்டும்தான். தெருவில் என்னை யாருக்கும் தெரியாது. அந்த வகையில் நாம் இருவருமே பாதிப் பாதி மனுஷிகள். இதை யோசித்துப் பாருங்கள்.

கோபம் தணிந்திருந்தால், அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான். கட்டாயம் இல்லை.

இப்படிக்கு,
குரல் கலைஞர்


ஜூலை 6

குரல் கலைஞர் அவர்களுக்கு,

அம்புக்கு வாய் கிடையாது, அதனால் அதை நோகக்கூடாது. உங்களுக்கு வாய்தானே தொழில்?

நாம் இருவரும் பாதிப் பாதி என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் பாதியை வைத்து உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. என் பாதியைச் சுவரொட்டியில் ஒட்டியிருக்கிறார்களாம். கணக்கு சரியாக வரவில்லை.

கேட்டீர்களே, சொல்கிறேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். சின்னவளைப் பத்தாவது முடித்ததும் மேஸ்திரி நூல் மில்லுக்குக் கூட்டிப் போனான். தங்க இடம், வேளைக்குச் சாப்பாடு, லீவுக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றான். அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். முதல் லீவுக்கு அவள் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டால், எவனோடோ ஓடிவிட்டாள், எங்கே என்று எனக்கெப்படித் தெரியும் என்கிறான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே அவனே எனக்கு முன்னால் நாற்காலியில் இருந்தான். நான் பேசப் பேச, “நீ சும்மா இரும்மா, அவர் சொல்லட்டும்” என்றார் அதிகாரி. என் புகாரையும் அவனே சொன்னான். பூனைக்குத் தோழன், பாலுக்குக் காவல்.

அப்புறம் படம் எடுக்க வந்தார்கள். அந்த அழுகைக் கட்டத்தன்று எனக்கு வசனம் வாயில் நிற்கவில்லை. ‘நீங்கதான் எங்க சாமி’ என்று யாரைப் பார்த்துச் சொல்வது? காமிராவுக்குப் பக்கத்தில் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தடுமாறுகிறேன் என்று பார்த்துவிட்டு உதவி டைரக்டர் பெண் ஒருத்தி ஓடிவந்து என் தோளைத் தொட்டு, “பயப்படாதீங்கக்கா. எதை வேணும்னாலும் சொல்லுங்க” என்றாள். நல்ல பெண். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால், எதையும் யாரும் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம் என எனக்கு அப்போது தெரியாது.

நான் சொன்னேன். கோபத்தில் எங்கள் மலைப் பேச்சுதான் வந்தது. சொன்னதை அப்படியே தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், உங்களுக்குப் புரிகிற பேச்சில் இது: ‘எம் மகளக் கூட்டிட்டுப் போனவன் இதோ நிக்கிறான். கேட்டா ஓடிட்டாங்கிறான். ஓடத் தெரிஞ்சவளுக்கு வீட்டுக்கு வர வழி தெரியாதா?’ கையை நீட்டி அவனைக் காட்டித்தான் சொன்னேன். படத்தில் முகம் மட்டும் வருகிறது, கையை வெட்டிவிட்டார்கள்.

சொல்லி முடித்தேன். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன சொன்னாள் என்று கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மேஸ்திரியைக் கேட்டார். “பிள்ளைக்காக வேண்டிக்கிறா சார்” என்றான் அவன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணவில்லை அம்மா.

ஒன்டேக்


ஜூலை 28

தங்கச்சிக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லைதான். வேறு எப்படி எழுத என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் இன்ஜினியர் எனக்குத் தம்பி மாதிரி. அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிடச் சொன்னேன். நீ எழுதியிருந்த மலைப் பேச்சு வரியை வாய்விட்டுப் படித்தேன். மா, பா வரும் இடத்தில் எல்லாம் உன் உதடு சரியாக மூடியது. ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. இத்தனை வருஷமாக உதட்டைப் படித்தே பிழைத்தவள் நான். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. மறுபடி ஓடவிடச் சொன்னேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். உட்கார்ந்து அழுதேன்.

படப்பிடிப்பில் பதிவான உன் சொந்தக் குரல் எங்காவது இருக்கும் என்று நினைத்தேன். ஜெனரேட்டர் இரைச்சலோடு ஏதோ இருந்ததாம், டப்பிங் முடிந்ததும் அழித்துவிட்டார்களாம். இனி உன் உதடு மட்டும்தான் மிச்சம்.

டைரக்டரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். “மேடம், அந்தக் கண்ணு போதும். வாய் என்ன சொல்லுச்சுங்கிறது முக்கியமே இல்ல” என்றார். படம் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதைக் கிளப்பினால் படம் பேசுகிற பெரிய விஷயம் அடிபட்டுவிடுமாம். உங்கள் மலைப் பெண்களுக்காகத்தான் படத்தையே எடுத்தேன் என்று எனக்கே எடுத்துச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது, எப்படியும் உனக்குத் தெரிந்துவிடும். இந்தப் படத்துக்காக எனக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். சிறந்த குரலுக்கு. அந்த அழுகைக் காட்சியைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறையாக மேடையில் என் முகத்தைக் காட்டுவார்கள். இதற்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விருதை வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எனக்கும் வயதாகிறது, புதுக் குரல்கள் வந்துவிட்டன, தனியாள் நான். டைரக்டரின் அடுத்த படத்திலும் என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். முடியவில்லை. நீ திட்டுவாய், திட்டு.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

திட்டவில்லை. விருதை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேறொருத்திக்குக் கொடுப்பார்கள். அதை மறுப்பதால் என் சின்னவள் திரும்பி வந்துவிடப்போவதில்லை.

டைரக்டர் எங்களுக்காகத்தான் படம் எடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவர் ஓநாய் இல்லைதான். ஆனால் ஓநாயைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

மேஸ்திரி இப்போது வெள்ளைச் சட்டையில் நடக்கிறான். படத்தில் அவன் பேருக்கு நன்றி போட்டிருக்கிறார்களே, அதைக் காட்டி அடுத்த மலையில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறான். சினிமாக்காரர்களே நம்புகிற ஆள் என்று அங்கே தாய்மார்கள் நம்புகிறார்கள். சுவரொட்டியில் என் முகமும் இருக்கிறது இல்லையா, அதையும் காட்டுகிறானாம். என் முகத்தை வைத்து அவன் ஆள் சேர்க்கிறான் அக்கா. இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேடையில் உங்களைப் பேசச் சொல்வார்கள். அப்போது யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். நான் சொன்னதைச் சொல்லுங்கள். எங்கள் பேச்சில் ஒரு தடவை, எல்லோருக்கும் புரிகிற பேச்சில் ஒரு தடவை. அவ்வளவுதான் கேட்கிறேன். என் வாயில் உங்கள் வார்த்தையை வைத்தீர்கள். ஒருநாள் உங்கள் வாயில் என் வார்த்தை இருக்கட்டும்.

மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுதுங்கள். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒன்டேக்


செப்டம்பர் 2

தங்கச்சி,

சொன்னேன்.

மேடை ஏறினேன். முதலில் உங்கள் பேச்சில் சொன்னேன்.  பிறகு எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னேன். ‘ஓடத் தெரிஞ்சவளுக்கு வீட்டுக்கு வர வழி தெரியாதா’ என்று முடித்ததும், யாராவது எழுந்து, யார் அந்த ஆள் என்று கேட்பார்கள் என்று நின்றேன். எழுந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள், தங்கச்சி. இது நிஜம், ஒரு தாய் நிஜமாகச் சொன்னது என்று மைக்கில் சொன்னேன். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன் வரிசையில் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொகுத்து வழங்கிய பெண் என்னைக் கட்டிப்பிடித்து, “என்ன குரல், என்ன குரல்” என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டாள். அடுத்த விருதுக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

பொய்யை நிஜம் மாதிரி பேசியே பழகிய குரல் இது. அதில் நிஜத்தைச் சொன்னால் அதையும் நல்ல பொய் என்று நினைக்கிறார்கள். என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இன்னும் கேள். மறுநாள் டைரக்டர் போன் செய்தார். டிவியில் போடும்போது அந்த வரியைப் படத்திலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். உன் உதட்டுக்கும் ஒட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டார். நான் வந்து பேசிக் கொடுத்தால் போதுமாம். ‘இதோ நிக்கிறான்’ என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். யாரையோ குறிப்பது போல இருக்கிறதாம். விதி எங்கே கூட்டிக்கொண்டு போனதோ என்று மாற்றிக்கொள்ளலாமாம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளை எதுக்குக் கேக்கணும் என்றார், ஆச்சரியமாக.

விருதை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கண்ணில் பட்டால் பிடிக்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

நீங்கள் மேடையில் நின்றதை நர்ஸம்மா போனில் பார்த்தேன். உங்கள் முகத்தை முதல் தடவை பார்த்தேன். என்னைவிட ஒல்லியாக இருக்கிறீர்கள். எங்கள் பேச்சில் இரண்டு இடத்தில் தப்பு விட்டீர்கள். பரவாயில்லை, எங்கள் பெண்களுக்குப் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கைதட்டியதற்காக அழ வேண்டாம். கைதட்டாதவன் ஒருத்தன் இங்கே இருந்தான். அவனும் போனில் பார்த்திருக்கிறான்.

நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அன்று திரையைப் பார்த்து என் தொடையைக் கிள்ளினாளே, அவளும் பக்கத்தில் இருந்தாள். மேஸ்திரி நேராக வந்து நின்றான். ஸ்டேஷனில் பேசுகிற குரல் இல்லை, தணிந்த குரல். “அந்தப் பொம்பளையை வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்கச் சொல்லு. உம் மக நல்லாத்தான் இருக்கா” என்றான்.

எங்கே இருக்கிறாள் என்று எனக்கெப்படித் தெரியும் என்று இத்தனை நாள் சொன்னவன். எங்கே என்றே தெரியாதவனுக்கு நல்லாயிருக்கிறாள் என்று எப்படித் தெரிந்தது? என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைக்கக் கூடாதே என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அவன் போன பிறகுதான் துணியைக் கீழே வைத்தேன். அவள் உயிரோடு இருக்கிறாள் அக்கா. உயிரோடு, எந்த அறையில் பூட்டிக் கிடக்கிறாளோ. சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள், அந்த வரியைக் கொடுக்க மாட்டேன். விதி யாரையும் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போகாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நானும் குழாயடியில் என்னோடு இருந்தவளும் உங்கள் ஊருக்கு வருகிறோம். மாநிலத்தின் பெரிய போலீஸ் அதிகாரியின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறதாம். நர்ஸம்மா விசாரித்துச் சொன்னார். மேஸ்திரி சொன்னதைக் காதால் கேட்டேன் என்று அவள் சொல்வாள். இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று என்னைக் கேட்பார்கள். சும்மா இல்லை, படம் எடுத்த அன்றைக்கே ஊருக்கு முன்னால் அவனைக் காட்டிச் சொன்னேன் என்று சொல்வேன். நம்ப மாட்டார்கள். அங்கேதான் நீங்கள் வேண்டும்.

எனக்காக நீங்கள் பேச வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஒரு வார்த்தைகூட வேண்டாம். பேசுவது நான். அவர்களுக்குப் புரிகிற பேச்சில், இந்தக் கல்லுடைக்கிற தொண்டையில் பேசுகிறேன். நான் முடித்த பிறகு, ‘படத்தில் இவள் உதடு இதைத்தான் சொல்கிறது, நான் பார்த்தேன்’ என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. தாளில் எழுதித் தர மாட்டார்கள். உங்கள் சொந்த வார்த்தையாக, உங்கள் பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். அடுத்த படம் போய்விடலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

வராவிட்டால் காரணம் எழுத வேண்டாம், காரணங்கள் நிறையப் படித்துவிட்டேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் அந்த வாசலில் நிற்பேன். முதல் தடவையே கேட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு இல்லை. போய்விட்டு நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் வருவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். இனிமேல் என்னை ஒன்டேக் என்று கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா